கெர்னல்ல மெமரி கிடைக்கலேன்னா என்ன செய்யணும்? புதுசா எழுதுறவங்களுக்கு

போன ஞாயித்துக்கெழம திருநகர்ல நம்ம வீட்டு மாடியில, காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் எழுதுன லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) மாட்யூலப் பாத்தேன், கேமலாக் (kmalloc, கெர்னல்ல மெமரி வாங்குற ஃபங்ஷன்) கூப்புட்ட எடத்துலல்லாம் "மெமரி இல்லை"ன்னு பிரின்ட் போட்டுருக்கான், ஆனா அதுக்கு முன்னாடி வாங்குன மெமரியத் திருப்பிக் குடுக்கவே இல்ல. மெசேஜ் போடுறத விட திருப்பிக் குடுக்குறதுதாங்க நம்ம வேல.

மொதல்ல, கேமலாக் கூப்புட்ட அடுத்த வரியிலயே நல் (NULL, எதையும் காட்டாத பாயின்டர்) வந்துருக்கான்னு பாத்துருங்க. வந்துருந்தா மைனஸ் ஈநோமெம் (ENOMEM, மெமரி இல்லேங்கற எர்ரர்) அனுப்புங்க, நம்பர்ல அது மைனஸ் 12. சும்மா மைனஸ் 1 அனுப்பிறாதீங்க. அது ஈபெர்ம் (EPERM), பர்மிஷன் இல்லேன்னு அர்த்தம், அதப் பாத்துட்டு மாட்யூல ஓட்டுறவரு சூடோ (sudo, அட்மின் உரிமையோட ஓட்டுற கமாண்டு) போட்டுப் போட்டு பொழுதன்னைக்கும் தேடிக்கிட்டு கெடப்பாரு.

அடுத்து, கேமலாக் ஃபெயிலானா தனியா மெசேஜ் வேணாம். கெர்னலே ஸ்டாக் ட்ரேஸோட எழுதிரும், செக்பேட்ச் (கெர்னல் கோட சரி பாக்குற ஸ்கிரிப்ட்) ஓட்டுனாலும் இது தேவையில்லன்னு சொல்லும். டிமெசேஜ்ல (dmesg, கெர்னல் எழுதுற லாக காட்டுற கமாண்டு) "பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர்: ஆர்டர்:4"ன்னு இருந்தா, ஆர்டர் 4ங்கறது 16 பேஜ், ஒரு பேஜ் 4 கேபின்னா மொத்தம் 64 கேபி ஒரே தொடர்ச்சியா கேட்டுருக்கோம். மெமரி ஏகப்பட்டது ஃப்ரீயா இருந்தாலும் துண்டு துண்டா கெடந்தா இது கிடைக்காது. ஃபிசிகலா தொடர்ச்சி தேவையில்லன்னா கேவிமலாக்குக்கு (kvmalloc, தொடர்ச்சியா கிடைக்கலேன்னா துண்டுகளச் சேத்துத் தரும்) மாறுங்க, விடுறப்ப கேவிஃப்ரீ (kvfree).

இப்ப முக்கியமானது. ஏ, பி, சின்னு மூணு பஃபர் வாங்குறோம், சி கிடைக்கலன்னு வைங்க. அங்கருந்து கோட்டூ (goto) போட்டு ஃப்ரீ_பி லேபிளுக்குப் போகணும், அங்க பி-ய விட்டுட்டு அப்புடியே கீழ எறங்குனா ஃப்ரீ_ஏ வரும், அங்க ஏ-வயும் விட்டுட்டு எர்ரர் நம்பர ரிட்டர்ன் பண்ணணும். பி-யே கிடைக்கலன்னா நேரா ஃப்ரீ_ஏ. சித்திரைத் திருவிழாவுக்குப் போட்ட பந்தலப் பிரிக்கிற மாதிரிதான், கடைசியா கட்டுனத மொதல்ல அவுக்கணும். கோட்டூ தப்புன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்துருப்பாங்க, கெர்னல்ல இதுக்கு அதுதான் வழக்கம், தைரியமா போடுங்க.

மெம்டப்_யூசர் (memdup_user, யூசர் ப்ரோக்ராம் டேட்டாவ கெர்னலுக்குக் காப்பி எடுக்குறது) மாதிரி சில ஃபங்ஷன் ஃபெயிலானா நல் தராது, பாயின்டருக்குள்ளயே எர்ரர் நம்பர வச்சுத் தரும். அதுக்கு இஸ்_எர்ர் (IS_ERR) போட்டு எர்ரரான்னு பாத்துட்டு, பிடிஆர்_எர்ர் (PTR_ERR) குடுக்குற நம்பர அப்புடியே மேல அனுப்புங்க.

கடைசியா டெஸ்ட்டு. வர்ச்சுவல் மெஷின்ல ஃபெயில்ஸ்லாப்னு (failslab) கெர்னல்லயே இருக்குற டெஸ்ட் வசதிய ஆன் பண்ணுனா கேமலாக்க வேணும்னே ஃபெயிலாக்கும், கூடவே கேமெம்லீக் (kmemleak, லீக்கான மெமரியத் தேடுறது) ஸ்கேன் ஓட்டுனா திருப்பிக் குடுக்காத மெமரி எந்த ஃபங்ஷன்ல வாங்குனதுன்னு காட்டிரும். தம்பிக்கு அன்னைக்கு ரெண்டு எடம் அப்புடித்தான் சிக்குச்சு.