கோயில் நேரலையில் மூன்று நாள் உறுமல்: என் அனுபவம்
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் நேரலைக்கு மைக் ஒலிகளைக் கலக்கும் ஆடியோ மிக்சரை, கேமரா படங்களை மாற்றித் தரும் வீடியோ மிக்சரோடு இணைத்ததும் நேரலை ஒலியில் விடாத உறுமல். மைக் கேபிள் மாற்றினேன், கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தேன், ஆடியோ மிக்சரின் ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டன்) எல்லாவற்றையும் இறக்கியும் பார்த்தேன், போகவில்லை. ஆனால் வீடியோ மிக்சரிலிருந்து, ஒலியே போகாத புரொஜெக்டருக்குச் செல்லும் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றியதும் நின்றது! புரொஜெக்டர் மண்டபத்தின் மறுகோடி பிளக்கில் இருந்தது, அதனால் இரண்டு எர்த் பாதைகள் வளையமாகி மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஆடியோ கேபிளில் ஏறியிருக்கிறது. எர்த் பின்னை எடுத்துவிடு தம்பி என்றார் ஒரு அண்ணன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஷாக் அடித்தால் உயிரே போகும். இரண்டு மிக்சருக்கும் நடுவே ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (ஒலியை மட்டும் கடத்தி, நேரடி மின் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போட்டேன், சத்தமே இல்லை, அப்பாடா.