கிளைக்குப் போகாமல் வங்கி வேலை: மலையூர்க்காரர்களுக்கு

கைபேசிவழிப் பணப்பரிமாற்ற முறையான யு.பி.ஐ. 2016-இல் வந்தபின், கவுண்டரில் நடந்த வேலைகளை வங்கிகள் ஒவ்வொன்றாகக் கைபேசிக்கும் கடைவீதி முகவர்களுக்கும் மாற்றிவிட்டன. பச்சைத் தேயிலைப் பணம் எடுக்கக் நீலகிரியின் குந்தாப் பக்கத்திலிருந்து பஸ் ஏறுபவருக்கு இது உதவிதான். ஆனால் காசாளர் செய்த சரிபார்ப்பும் சேர்ந்து நம் பொறுப்பாகிவிட்டது.

முதலில் ஒருமுறை கிளைக்கு நேரில் சென்று, கணக்கில் பதிவாகியுள்ள கைபேசி எண் இப்போது பயன்பாட்டில் உள்ளதுதானா, ஆதார் இணைந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டன் போன் வைத்திருப்போருக்கு 2022 முதல் யு.பி.ஐ. 123பே உள்ளது. அதில் குரல் அழைப்பின் வழியாகவே பணம் அனுப்பலாம் என்பதால், டேட்டா எட்டாத பள்ளங்களிலும் பேசும் அளவுக்குச் சிக்னல் இருந்தால் போதும். அதற்கான எண்ணைக் கிளையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்களின் எண்ணும் கிடைக்கும்.

முகவரிடம் ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுப்பதில்தான் சிக்கல் அதிகம். இலை பறித்தும் கவாத்து செய்தும் தேய்ந்த விரல்களைக் கருவி எளிதில் அடையாளம் காண்பதில்லை. குளிர்காலத்தில் தோல் வறண்டால் இன்னும் மோசம். கறை போகக் கழுவித் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றியபின், கட்டைவிரலையே பிடித்துக்கொண்டிருக்காமல் வேறு விரலை வைத்துப் பாருங்கள். "ஆகவில்லை, இன்னொருமுறை வையுங்கள்" என்று முகவர் சொன்னால், முதலில் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இருப்பைச் சரிபார்க்கச் சொல்லி, தோல்விக்கும் ரசீது வாங்குங்கள். ரசீது கேட்டால் முகம் சுளிக்கும் முகவரிடம் மறுபடி போகாமலிருப்பதே நல்லது.

கணக்கில் கழிந்த பணம் கைக்கு வராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அது திரும்ப வரவேண்டும் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்தது. ஏ.டி.எம்.முக்கும் இதே விதிதான். வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மோசடி என்றால் காத்திருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐயும் வங்கியையும் அழையுங்கள்.

கைரேகையை அடிக்கடி பயன்படுத்தாதவர்கள் ஆதாரில் அதைப் பூட்டிவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். 70 வயது கடந்தவர்கள், வீட்டுக்கே வந்து பணம் தரும் சேவை தங்கள் கிளையில் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.