வீட்டில் காய்ச்சிய கோதுமை பீரை ருசி பார்ப்பது எப்படி

மியூனிக்கில் என் சமையலறையில் நான் காய்ச்சுவது பெரும்பாலும் ஹெஃபெவைசன்தான், அதாவது ஈஸ்ட்டை வடிகட்டாத கலங்கலான கோதுமை பீர். அதை ருசி பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிய வேண்டியது, வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்கின்றனவா என்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

பாட்டிலில் அடைத்தபின் இரண்டு வாரம் அறை வெப்பத்திலும் ஒரு வாரம் ஃபிரிட்ஜிலும் நிற்க வையுங்கள். அதற்குமேல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், இந்த பீர் இளசாக இருக்கும்போதுதான் அழகு. வீட்டில் தாளித்த வாசம் இருக்கும் நேரத்தில் திறக்காதீர்கள். கிராம்பைத் தேடும் மூக்கு ஏமாந்துவிடும். கிளாஸில் சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது, நன்றாக அலசிவிட்டு ஈரத்தோடே பயன்படுத்துங்கள். பீர் 8 டிகிரி அளவில் இருந்தால் போதும், அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பரிமாறும்போது அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் சுழற்றி அதே கிளாஸில் ஊற்றுவார்கள். சோதித்துப் பார்க்கும்போது நான் இரண்டு கிளாஸ் வைப்பேன். மேலே தெளிந்ததை ஒன்றில் மெதுவாக ஊற்றி, மிச்சத்தைச் சுழற்றிக் கலக்கி மற்றதில் ஊற்றுவேன். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், சுவையும் பழ மணமும் தெளிந்ததில் துலக்கமாகத் தெரியும். கலங்கியதில் ரொட்டி வாசமும் கனமும் கூடும். அதில் கருகிய ரப்பர் மாதிரி ஏதாவது வந்தால், ஈஸ்ட் செத்துச் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நுரை எழுந்த உடனே முகர வேண்டும். கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்துவிட்டு குட்டிக் குட்டியாக இரண்டு முறை இழுங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகிப்போய் எதுவும் தெரியாது. தோன்றியதைக் குடிப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

வாழைப்பழ மணத்தைத் தருவது ஐசோஅமைல் அசிடேட், ஈஸ்ட் உண்டாக்குவது. மிட்டாயில் போடும் எசென்ஸ் போல அது தூக்கலாக இருந்தால், நொதித்தபோது சூடு கூடியிருக்கலாம். அடுத்த முறை 17, 18 டிகிரியில் நொதிக்க விடுங்கள். கிராம்பு மணம் 4-வினைல்குவாயகாலில் இருந்து வருகிறது. மால்ட்டில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் அப்படி மாற்றுகிறது. அது குறைவாக இருந்தால், மால்ட்டை ஊறவைக்கும்போது 43 முதல் 45 டிகிரியில் ஒரு கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, பிறகு சூட்டை ஏற்றுங்கள். இரண்டுமே இல்லையா? ஈஸ்ட் வகையை மாற்றுங்கள். பவேரியாவில் உள்ள வைஹென்ஸ்டெஃபான் ஈஸ்ட் வங்கியின் 68-ஆம் எண் ஈஸ்ட்டைத்தான் நான் நம்புகிறேன்.

இனி வாயில் ஒரு மடக்கு. விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். கசப்பு லேசாகவும், வாயு துள்ளலாகவும் இருக்க வேண்டும். மெல்லிய புளிப்பு இயல்புதான். காடி வாடை கூடாது. பச்சை ஆப்பிள் மணம் என்றால் பீர் இன்னும் பக்குவப்படவில்லை, ஒரு வாரம் விடுங்கள். பிளாஸ்திரி வாடையோடு பாட்டில் பொங்கி வழிந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கும். அப்போது மற்ற பாட்டில்களை உடனே குளிரில் வைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு சிங்க்கில் திறங்கள். கண்ணாடி வெடித்தால் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, குளிர் விட்டதும் மறுபடி குடித்துப் பாருங்கள். வெண்ணெய் வாடை போன்ற குறைகள் அப்போதுதான் வெளியே வரும். பக்கத்தில் கடையில் வாங்கிய ஒரு ஹெஃபெவைசனும் இருக்கட்டும். எது எந்த கிளாஸில் என்று சொல்லாமல் வீட்டில் வேறு யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். அப்புறம் குறிப்பை எடுத்து, அடுத்த முறை பீர் காய்ச்சும்போது எந்த ஒன்றை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.