எண்டோஸ்கோபி நார்மல், ரத்தம் மட்டும் நிற்கவில்லை: அரிய இடத்து வேரிசஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துச் சுவர்களில் மூலம், பவுத்திரம் விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு ஆசனவாயில் ரத்தம் போனாலும் வீட்டார் முதலில் மூலத்தைத்தான் நினைப்பார்கள். பலருக்கு அது மூலமாகவே இருக்கும். சிலருக்கு மலக்குடலில் புடைத்த சிரை, அதாவது வேரிசஸ். அதை மூலம் என்று எண்ணி அறுப்பதும், கார நூல் கட்டுவதும், பெயர் தெரியாத ஊசி போடுவதும்தான் இந்த நோயில் நடக்கும் மிக மோசமான தவறு. மூலம் ஆசனவாயை ஒட்டியே முடியும். முக்கினால் வெளியே தள்ளும். வேரிசஸ் நீலம் பாரித்து, வளைந்து வளைந்து 4 செ.மீ.க்கு மேலும் மலக்குடலுக்குள் ஏறிப்போகும். விரலால் அழுத்தினால் அமுங்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால், உள்ளே பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறினால் ரத்தம் மாற்றுவழி தேடும். வழக்கமாக உணவுக்குழாயும் இரைப்பையும்தான் புடைக்கும். டியோடினம் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி), சிறுகுடலின் மீதி, பெருங்குடல், பித்தநாளம், ஸ்டோமா (வயிற்றுச் சுவரில் குடலைத் திறந்துவிட்ட வாய்) போன்ற இடங்களில் வருவது வேரிசஸ் கசிவுகளில் சுமார் 5 சதவீதத்துக்குள்தான். "குடிப்பழக்கம் இல்லை, கல்லீரல் டெஸ்டும் சரி" என்று இதை ஒதுக்குவதும் தவறு. போர்ட்டல் சிரை அடைபட்டிருந்தால் கல்லீரல் நன்றாக இருக்கும்போதே வேரிசஸ் வரும். வீங்கிய மண்ணீரலும் குறைந்த தட்டணுவும் அதற்குத் துப்பு.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயும் இரைப்பையும் சுத்தமாக இருந்தால் தேடலை அங்கே நிறுத்திவிடுகிறார்கள். கருவி பெரும்பாலும் டியோடினத்தின் 2-ஆம் பகுதியோடு திரும்பிவிடும். 3-ஆம் பகுதியில் உள்ள வேரிசஸ் தப்பிவிடும். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போதும், காற்றை அதிகம் ஊதும்போதும் சிரைகள் தட்டையாகிவிடும். நோயாளி தேறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். நீலச் சாயலில் மேடாகத் தெரியும் எதையும் பாலிப் (சதை வளர்ச்சி) என்று நம்பி பயாப்ஸிக்குச் சதை எடுத்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாப்ளர் வசதியுள்ள எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் போதும்.

சி.டி. கேட்கும் விதத்திலும் கோளாறு நடக்கிறது. சாயம் ஏற்றாத படம் இதற்கு உதவாது. போர்ட்டல் சிரை நிறையும் கட்டம் கட்டாயம் வேண்டும். வயிற்றோடு நிறுத்தாமல் இடுப்புக்கூடு வரை எடுக்கச் சொல்லுங்கள். குடிக்க வெள்ளைச் சாயம் கொடுத்தால் குடலுக்குள் கசிவதே மறைந்துவிடும். தண்ணீர் கொடுத்தால் போதும். எந்தச் சிரை ஊட்டுகிறது, எது வடிக்கிறது, போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்ற மூன்றுக்கும் ரிப்போர்ட்டில் பதில் இருக்க வேண்டும். அந்த வரைபடம் இல்லாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முதல் சில மணி நேரத்தில் செய்யும் தவறு, பதற்றத்தில் ரத்தத்தை அதிகமாக ஏற்றுவது. ஹீமோகுளோபின் 7 முதல் 8 கிராம் இருந்தால் போதும்; அதற்கு மேல் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் ஏறி மறுபடி கசியும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைச் சரிக்கட்ட பிளாஸ்மாவைக் கொட்டுவதும் இதே வினைதான். போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் ஊசி, பிறகு மணிக்கு 50 மைக்ரோகிராம் சொட்டு. கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) இருந்தால் கிருமிக்கொல்லி மருந்தான செஃப்ட்ரியாக்சோன் தினம் 1 கிராம். எண்டோஸ்கோபிக்குக் காத்திருக்காமல் இவற்றைத் தொடங்கலாம். ஆக்ட்ரியோடைடுக்கு மாற்றாகத் தரும் டெர்லிப்ரெசினை இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கும் ஆக்சிஜன் குறைந்தவருக்கும் தவிர்க்க வேண்டும்.

உணவுக்குழாய்க்குப் பழகிய கை டியோடினத்திலும் பேண்ட் (சிரையை இறுக்கிக் கட்டும் ரப்பர் வளையம்) போடப் பார்க்கும். அகன்ற சிரை பேண்டுக்குள் முழுதாக அடங்காது. பேண்ட் கழன்று விழும்போது அங்கே பெரிய புண் திறந்து முன்பைவிட மோசமாகக் கொட்டும். அங்கே சயனோஅக்ரிலேட் பசையே பொருத்தம், ஒரு தடவைக்கு 0.5 முதல் 1 மி.லி. வடிகால் சிரை பெரிதாக இருந்தால் பசை நுரையீரலுக்கு ஓடும். அப்போது ரேடியாலஜி வழியில் சிரையை அடைப்பதே மேல். டிப்ஸ் (கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையையும் கல்லீரல் சிரையையும் இணைக்கும் குழாய்) மட்டும் வைத்து நிறுத்தினால், அந்த இரண்டு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் 12 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கிய பின்னும் அரிய இடத்து வேரிசஸ் கசியலாம். அதே அமர்வில் சிரையையும் அடைப்பது நல்லது.

ஸ்டோமாவில் கசிந்தால் எண்டோஸ்கோபியைத் தேடி ஓடவே வேண்டாம். பையைக் கழற்றி, தோலும் குடலும் சேரும் விளிம்பில் கசியும் புள்ளியைத் துணி வைத்து விரலால் விடாமல் அழுத்துங்கள், பெரும்பாலும் நிற்கும். ஆனால் தையல் போட்டு அனுப்பினால் திரும்ப வரும், காரணம் உள்ளே ஏறிய போர்ட்டல் அழுத்தம்தான்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் ரத்த வாந்தியோ தார் போன்ற மலமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலம் வர வேண்டும். பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுவந்தால் வழியிலேயே மயங்கலாம். 108-ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், குடிக்க எதுவும் வேண்டாம். பழைய எண்டோஸ்கோபி, ஸ்கேன் தாள்களை எடுத்து வாருங்கள். முன்பு பசை போட்ட இடம் அதில் எழுதியிருந்தால் அதுவே பாதி வேலை. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது.