மார்கழிக் காற்று: டெல்டா ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களில் பெரிய ஆலைகள் குறைவு, சுற்றிலும் வயல். அதனால் காற்று எப்போதும் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிக்கொண்டிருக்கும்வரை அது பெரும்பாலும் சரிதான். மழை ஓய்ந்ததும் நிலைமை மாறுகிறது. தெளிந்த வானத்தின் கீழ் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிட, அதை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே தங்குகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் கவிகிறது. விறகடுப்பு, குப்பை எரிப்பு, வண்டிப் புகை எல்லாம் அந்த மூடிக்குள் அடைபடும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும்.

மார்கழி விடியலில் ஓசோன் கீழே இறங்குகிறது, அதைச் சுவாசித்தால் நல்லது என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்புவதுதான் பெரிய தவறு. நம்மைக் காக்கும் ஓசோன் படலம் சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது விடியலில் இறங்கி வருவதில்லை. தரையருகே உருவாகும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு. அதற்கும் வெயில் வேண்டும் என்பதால் பிற்பகலில்தான் கூடும். கோலம் போடவும் கோயிலுக்குப் போகவும் எழுவது வேறு. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் அந்த நேரத்தில் மூச்சிரைக்க நடக்க வேண்டாம். பனி விலகிய பிறகு, 9 மணிக்கு மேல் நடக்கலாம். மாலையில் என்றால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள். இருட்டியதும் மூடி மறுபடி விழத் தொடங்கும்.

ஜன்னல் விஷயத்திலும் இதே கணக்குதான். விடிந்ததும் திறந்து வைத்து, வெயிலுக்குப் பயந்து 11 மணிக்கு மூடுவது தலைகீழ் பழக்கம். எதிரெதிர் ஜன்னல்களை 10 மணியிலிருந்து 4 மணிவரை திறந்து வையுங்கள்.

காற்றின் தரம் இவ்வளவு என்று செல்போன் செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் ஊரில் அளவீட்டு நிலையம் இல்லையென்றால், அது செயற்கைக்கோள் தரவை வைத்துப் போட்ட கணிப்பாகவோ தொலைவிலுள்ள நிலையத்தின் அளவாகவோ இருக்கும். மேலும், இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியையே எடுக்கிறார்கள். காலை 6 மணியின் உச்சம் அதில் கரைந்துவிடும். வீட்டில் காற்றிலுள்ள துகளை அளக்கும் சிறிய லேசர் கருவி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பனித்துளியையும் கருவி துகளாகவே எண்ணும். அதனால் மூடுபனி நேரத்து எண்ணைக் கண்டு பதற வேண்டாம். பனி விலகிய பின் வரும் அளவுகளைக் கவனியுங்கள். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15.

போகியன்று ஒரு பழைய டயரை எரித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். விடியற்காலை 4, 5 மணி என்றால் மூடி மிகத் தாழ்ந்திருக்கும் வேளை. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன. தை அறுவடைக்குப் பிறகு வைக்கோலுக்குத் தீ வைப்பதும் அப்படித்தான். பனியில் நனைந்த வைக்கோல் சுடர்விட்டு எரியாது, கனன்று புகையும். அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே உளுந்து தெளித்த வயலில் யாரும் தீ வைப்பதில்லை. மற்ற வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தை விட்டு உருளையாகக் கட்டி, மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிடலாம்.

வெளிப்புகைக்குப் பயந்து கதவை அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்தி கொளுத்துவது மிக மோசம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை போதும். சாம்பிராணியைப் பகலில், ஜன்னல் திறந்திருக்கும்போது போடுங்கள்.

ஈரக் கைக்குட்டை பெரிய தூசியை மட்டுமே தடுக்கும். நெல் தூற்றும்போதும் சுணை பறக்கும் களத்திலும் என்95 முகக்கவசம் அணியுங்கள். இரண்டு பட்டைகளையும் தலைக்குப் பின்னால் மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள். கன்னத்தோரம் காற்று கசிந்தால் அது சரியாகப் பொருந்தவில்லை. காற்று சுத்திகரிப்பான் வாங்குவதென்றால், 10-க்கு 12 அடி அறைக்கு மணிக்குக் குறைந்தது 170 கன மீட்டர் சுத்தக் காற்று தருவதாகப் பாருங்கள்.