இயந்திரம் கேட்டால் ரூபாய் வேண்டாம்

வெளிநாட்டுக் கடையில் கடனட்டையை நீட்டும்போது "இலங்கை ரூபாயா, சிங்கப்பூர் டொலரா?" என்று இயந்திரம் கேட்டால், அந்த நாட்டு நாணயத்தையே தெரிவுசெய்யுங்கள். ரூபாயில் தொகையைப் பார்ப்பது திருகோணமலைக் கடைத்தெருவில் நிற்பதுபோல் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது கடைக்காரரின் வங்கியோ அதன் கூட்டாளி நிறுவனமோதான். தன் இலாபத்தையும் அதிலேயே சேர்த்துவிடும். டொலரில் செலுத்தினால் விசா, மாஸ்டர்கார்ட் விகிதத்தில் கணக்காகும், பெரும்பாலும் அதுவே மலிவு. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். கடைக்காரர் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், இரத்துச் செய்து மீண்டும் போடச் சொல்லுங்கள்; கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் வங்கி அறவிடும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் மட்டும் இதனால் குறையாது. காசாகக் கொடுப்பவர்களுக்கும் இது உதவாது.