மனச்சோர்வு மாத்திரையின் பலனை அறிந்துகொள்வதும் தக்கவைத்துக்கொள்வதும்

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்து நலமடைந்தவர்களிடம் எந்த நாளில் குணமானது என்று கேட்டால், பெரும்பாலானவர்களால் ஒரு தேதியைச் சொல்ல முடிவதில்லை. எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கிய ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதைச் செய்ய என்னை நானே கெஞ்ச வேண்டியிருக்கவில்லை என்பது வெட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு மகிழ்ச்சி என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. மருந்தின் பலன் பெரும்பாலும் இப்படித்தான் ஓசையின்றி வருகிறது என்பதால், அதை அடையாளம் காணத் தெரியாதவர்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். மருந்துச்சீட்டைக் கையில் வாங்கியிருப்பவருக்கும் வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும், அந்தப் பலனை எங்கே தேடுவது, அது வரும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது, வந்தபின் எப்படிக் காப்பது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

முதல் சந்திப்பில் துயரத்தைச் சொல்லவே நேரம் போதாது. ஆகவே சிலவற்றை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். அவற்றில் மிக முக்கியமானது, வாழ்க்கையில் எப்போதாவது இதற்கு நேர்மாறான நாட்கள் இருந்தனவா என்பது: சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் திட்டங்களும் கட்டுக்கடங்காமல் ஓடி, யோசனையின்றிப் பணம் செலவழித்த காலம் ஒன்று இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இருமுனையக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். அந்த நோய் உள்ளவர்கள் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாக எடுத்தால் மனநிலை எதிர்த்திசையில் பொங்கிவிடக்கூடும்.

அடுத்தது, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள். டிரமடால் என்னும் வலிநிவாரணி, ஒற்றைத்தலைவலிக்கான டிரிப்டான் வகை மருந்துகள், லினிசோலிட் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் மீது செயல்படும் மனச்சோர்வு மருந்துகளுடன் சேரும்போது சிக்கல் ஏற்படலாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை உடன் சேர்ந்தால் இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. மூலிகைதானே என்று பலர் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். உடலில் வேலை செய்யும் எதுவும் இன்னொன்றின் வேலையில் குறுக்கிடவும் செய்யும். மதுப்பழக்கம், கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம், வலிப்பு நோய், இதயக் கோளாறு ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே வேடமிடக்கூடியவை என்பதால், இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

எந்த மருந்து சிறந்தது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 522 மருந்துச் சோதனைகளைத் தொகுத்து 21 மருந்துகளை ஒப்பிட்டது. பெரியவர்களின் தீவிர மனச்சோர்வில் அவை அனைத்தும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன என்பதும், சராசரியாகப் பார்த்தால் அந்தக் கூடுதல் பலன் மிதமானதே என்பதும் அதன் முடிவுகள். சராசரி என்பதற்குள் நன்றாகத் தேறியவர்களும் சிறிதும் மாறாதவர்களும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். எனவே மருத்துவர்கள் பெரும்பாலும் பக்கவிளைவுகளைப் பார்த்தே தேர்வு செய்கிறார்கள்: தூக்கமும் பசியும் இழந்தவருக்கு மிர்ட்டாசபின் பொருந்தலாம், பாலுறவு சார்ந்த பக்கவிளைவுக்கு அஞ்சுபவருக்குப் புப்ரோப்பியான் பொருந்தலாம், ஆனால் வலிப்பு நோய் உள்ளவருக்கு அது கூடாது. குடும்பத்தில் இரத்த உறவினர் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மருந்து நன்கு உதவியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

தொடங்கும் முன்பே ஒரு குறிப்பேடு

முதல் மாத்திரைக்கு முன் உங்கள் இப்போதைய நிலையைப் பதிந்துவைப்பது, நான் தரக்கூடிய ஆலோசனைகளில் மிகப் பயனுள்ளது. மனச்சோர்வு நினைவையும் தன் நிறத்தில் நனைத்துவிடுவதால், ஆறு வாரம் கழித்து உங்களை நீங்களே கேட்டால் எப்போதும் இப்படித்தான் இருந்தேன் என்ற விடையே வரும். பி.எச்.கியூ-9 என்ற வினாநிரல் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் தர வேண்டும், மொத்தம் 27. மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் மருந்துக்கு உடல் இசைகிறது என்றும், 5க்குக் கீழே வந்தால் நோய் தணிந்துவிட்டது என்றும் பொதுவாகக் கொள்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். தினமும் நிரப்பினால் அதுவே ஒரு கவலையாகிவிடும்.

எண்களுடன் உங்களுக்கே உரிய மூன்று அடையாளங்களையும் எழுதுங்கள். விழித்தபின் படுக்கையை விட்டு எழ எவ்வளவு நேரமாகிறது, தொலைபேசி அழைப்பை எடுக்காமல் எத்தனை முறை விடுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிக்கிறீர்கள் என்பது போல, எண்ணிச் சொல்லத்தக்கவையாக அவை இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரங்கள்

இந்தச் சிகிச்சையின் மிகக் கடினமான பகுதி இதுதான், ஏனென்றால் பக்கவிளைவுகள் முன்னே வருகின்றன, பலன் பின்னே வருகிறது. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. ஆகவே அதன்மீது வேலை செய்யும் மாத்திரை முதலில் வயிற்றைப் புரட்டுவதில் வியப்பில்லை. உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வது பலருக்கு இதைக் குறைக்கிறது. தலைவலி, வாய் வறட்சி, கூடுதல் வியர்வை, தூக்கமின்மை அல்லது அதிகத் தூக்கம் ஆகியவையும் வரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கும், பகலில் கண் செருகினால் இரவுக்கும் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதற்றம் மிகுந்தவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக உயர்த்துவது வழக்கம். (மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முதல் இரவே கடைசி வரிவரை படித்தவன் நான். மறுநாள் காலைக்குள் அதிலிருந்த பாதி விளைவுகள் எனக்கு வந்துவிட்டதாக உறுதியாக நம்பினேன். அந்தத் தாளைப் பகலில், யாராவது உடனிருக்கும்போது படிப்பது நல்லது.)

சில பக்கவிளைவுகளைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், குறிப்பாகத் தொடக்க வாரங்களிலும் மருந்தளவை மாற்றும்போதும், தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் விடுத்த எச்சரிக்கையை 2007இல் 24 வயதுவரை நீட்டித்தது. எந்த வயதானாலும், நிலைகொள்ளாத தவிப்பு, சாவைப் பற்றிய எண்ணம் புதிதாகத் தோன்றுவது அல்லது வலுப்பது, தூக்கமே இல்லாத அசாதாரண உற்சாகம் ஆகியவை தென்பட்டால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரை அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவை நாட வேண்டும். கடும் காய்ச்சல், உடல் நடுக்கம், தசை விறைப்பு, மனக்குழப்பம், படபடப்பு ஆகியவை ஒருசேர வந்தால் அதுவும் அவசரநிலையே. முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். அதை வயதின் தலையில் கட்டிவிடக் கூடாது. இக்காரணங்களால், மருந்து தொடங்கியிருப்பது உங்களுடன் வாழும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பலன் எங்கே தெரியும்

பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் ஏதோ ஒரு மாற்றம் தொடங்குகிறது. முழுப் பலனை மதிப்பிட ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பலரிடம் தூக்கமும் பதற்றமும் முதலில் சீராகின்றன, பிறகு ஒரு வேலையைத் தொடங்கும் தெம்பு வருகிறது, ரசிப்பு கடைசியில் திரும்புகிறது. இந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாதவர்கள், ரசிப்பை முதலில் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். உங்களுக்குத் தெரியும் முன்பே வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிந்துவிடுவதும் உண்டு. நான் பாத்திரம் துலக்கும்போது மெதுவாகப் பாடியதாக என் மனைவி சொன்னார், நான் அதை மறுத்தேன்.

நலமடைந்தவர்கள் விவரிப்பதைக் கேட்டால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் எண்ணத்துக்கும் தமக்கும் இடையே கிடைத்த ஓர் இடைவெளியைப் பற்றியது. நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வராமல் போய்விடுவதில்லை. ஆனால் வந்தவுடன் ஆளை இழுத்துக்கொண்டு கிணற்றில் குதிப்பதில்லை. வேலையில் நேர்ந்த ஒரு பிழை அன்றைய இரவு முழுவதையும் தின்றுவிடாமல் ஒரு மணிநேர வருத்தத்தோடு நின்றுவிடுகிறது. யாரோ சொன்ன நகைச்சுவைக்கு மரியாதைக்காக இல்லாமல் தானாகச் சிரிப்பு வருகிறது. நெடுநாள் அழ முடியாதிருந்தவர் அழ வேண்டிய இடத்தில் அழுகிறார், அதுவும் நலம்தான். முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. மூன்று நல்ல நாட்களுக்குப் பின் வரும் ஒரு கருத்த நாள் எல்லாம் பொய் என்று சாதிக்கும். அந்த நாளில்தான் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.

மூளையில் குறைந்துபோன செரட்டோனினை மாத்திரை நிரப்புகிறது என்ற எளிய விளக்கம் போதுமானதன்று. இந்த மருந்துகள் செரட்டோனின் மீது சில மணிநேரங்களிலேயே செயல்படத் தொடங்க, மனநிலை மாற வாரங்கள் ஆகின்றன என்பதே அதற்குச் சான்று. முகங்களையும் சொற்களையும் மனம் எடுத்துக்கொள்ளும் விதம் முதலில் சற்றே நல்லதன் பக்கம் சாய்கிறது என்றும், நரம்பணுக்களுக்கு இடையே புதிய இணைப்புகள் உருவாக மருந்து துணைபுரிகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த விளக்கத்தை நான் விரும்புவதற்குக் காரணம், அது நமக்கும் ஒரு வேலையைத் தருகிறது. சாயத் தொடங்கிய மனத்துக்கு நல்லனவற்றை எதிரே கொண்டுவந்து வைக்க வேண்டும்: கொஞ்சம் நடை, ஒரு நண்பருடன் பேச்சு, குறித்த நேரத்தில் விழிப்பு, முடிந்தால் உளவியல் சிகிச்சை. நடுத்தர, தீவிர மனச்சோர்வில் மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்து தரும் பலன் தனித்தனியே தருவதைவிட மேலானது.

நன்மைக்கு விலையாகச் சிலர் வேறொன்றை இழக்கிறார்கள். துயரத்துடன் மகிழ்ச்சியும் மழுங்கி எல்லாம் ஒரே தட்டையாகிவிட்டது என்று தோன்றினாலோ, பாலுறவு நாட்டமோ உச்சமோ குறைந்தாலோ, அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்தளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாறுவது என வழிகள் உள்ளன. கூச்சப்பட்டுச் சொல்லாமல் மருந்தையே நிறுத்திவிடுவதுதான் மோசமான வழி.

பலன் போதாவிட்டால்

நான்கு வாரம் ஒழுங்காக எடுத்தும் அணுவளவும் மாற்றம் இல்லை என்றால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற ஆய்வில், முதல் மருந்திலேயே நோய் தணிந்தவர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. மருந்தளவை உயர்த்துவதும், மாற்றுவதும், இன்னொன்றைச் சேர்ப்பதும் சிகிச்சையின் இயல்பான அடுத்த படிகள்.

நலமான பிறகு

நன்றாகிவிட்டேன், இனி எதற்கு என்ற எண்ணம் வரும் காலமே கவனமாக இருக்க வேண்டிய காலம். முதல்முறை மனச்சோர்வு வந்தவர்கள், அறிகுறிகள் தணிந்த பின்னும் குறைந்தது ஆறு மாதங்களாவது அதே அளவில் தொடர வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள், இரண்டைச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

இந்த மருந்துக்கு அடிமையாகிவிடுவோமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதைப்பொருளைப் போல ஏங்கவைப்பதோ, மேலும் மேலும் அளவைக் கூட்டக் கேட்பதோ இவற்றின் இயல்பன்று. ஆனால் உடல் இவற்றுக்குப் பழகிவிடுகிறது என்பதும் உண்மை. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தெளிவான விசித்திரக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு ஆகியவை வரலாம். பராக்ஸெடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இவை அதிகம். உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளூவோக்ஸெடினில் குறைவு. எனவே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மருத்துவர் வகுக்கும் படிகளில் அளவைக் குறைக்க வேண்டும். கடைசிச் சிறு அளவுகளைக் குறைப்பதே பலருக்குக் கடினமாக இருக்கிறது என்பதால் அங்கே இன்னும் மெதுவாகப் போகலாம். வேலை மாற்றம், தேர்வு, வீட்டில் துக்கம் ஆகியவை நடக்கும் காலத்தில் மருந்தைக் குறைக்கத் தொடங்காதிருப்பது நல்லது.

குறைக்கும்போது வரும் தொல்லை மருந்து விலகலால் வந்ததா, நோய் திரும்புகிறதா என்று பிரித்தறிவதற்கும் குறிப்பேடு உதவும். விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் சில நாட்களிலேயே தொடங்கும், தலைச்சுற்றல் போன்ற உடல்சார்ந்த தொல்லைகள் அவற்றில் கலந்திருக்கும், பழைய அளவுக்குத் திரும்பினால் விரைவில் அடங்கும். நோய் திரும்பும்போது அது வாரங்கள் கடந்து மெல்ல வரும், பழைய சொற்களிலேயே பேசும். தொடக்கத்தில் எழுதிய அந்த மூன்று அடையாளங்களையும் நிறுத்திய பின் ஆறு மாதங்களுக்காவது தொடர்ந்து கவனியுங்கள். உடன் வாழ்பவர் ஒருவரிடமும் அவற்றைச் சொல்லிவையுங்கள். அவை இரண்டு வாரம் தொடர்ந்து கீழிறங்கினால் மருத்துவரை அழைத்து, முன்பு எந்த மருந்து, எந்த அளவில், எத்தனையாவது வாரத்தில் கைகொடுத்தது என்பதைச் சொல்லுங்கள். ஒருமுறை பலன் தந்த மருந்தையே பெரும்பாலும் மீண்டும் முதலில் முயன்று பார்ப்பார்கள்.